சரக்குப் பெட்டியில் ஏறும் சுற்றுலாப் பயணிகள்: நகல் வேகன்களைப் பற்றி ஒரு விமர்சனம்

பழைய ரயில் பாதை ஒன்றைச் சுற்றுலாவுக்காக மறுபடி ஓட்ட ஆரம்பித்தால் முதலில் வந்து நிற்கும் பிரச்சினை இஞ்சின் இல்லை. இஞ்சினுக்கு எப்படியாவது பணம் தேறிவிடும், அதற்கு ரசிகர்கள் உண்டு. உட்கார வைக்கப் பெட்டி இருக்காது என்பதுதான் பிரச்சினை. குறுகிய பாதைகள் பெரும்பாலும் சரக்குக்காகவே போடப்பட்டவை. தாது, நிலக்கரி, ஸ்லேட் கல், மரம், ஆடு மாடு. பாதை மூடப்படும்போது யார்டில் மிஞ்சி நிற்பது நூறு வேகன், நாலைந்து பயணிகள் பெட்டி. வாசலில் டிக்கெட்டுக்கு நிற்கும் கூட்டமோ முன்னூறு பேர்.

இதற்கு உலகம் முழுக்க இரண்டு வழிகளில் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, இருக்கிற பழைய வேகனை அறுத்து ஜன்னல் வைத்து பெஞ்சு போடுவது. இரண்டு, பழைய வேகனைத் தொடாமல், அதே வடிவத்தில் புதிதாக ஒன்று கட்டி அதில் பயணிகளை ஏற்றுவது. இரண்டாவதை "இது பொய், தீம் பார்க் வேலை" என்று பாதுகாப்பு ஆர்வலர்களில் ஒரு சாரார் திட்டுவார்கள். முதலாவதை "குறைந்தது அசல் மரமாவது இருக்கே" என்று அதே ஆட்கள் மன்னித்துவிடுவார்கள். இந்தக் கணக்கு எனக்குத் தலைகீழாகப் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேக்காரன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இதெல்லாம் ராத்திரி உட்கார்ந்து படிக்கிற ஆசாமியின் பார்வை.

கொலராடோவில் நடந்தது

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே. 1870-இல் வில்லியம் ஜாக்சன் பால்மர் தொடங்கியது. தண்டவாள இடைவெளி 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர். (நம்ம ஊட்டி ரயிலைப் பலர் நேரோ கேஜ் என்று நினைக்கிறார்கள். அது 1000 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ். கொலராடோ பாதை அதைவிடக் கொஞ்சம் குறுகல்.) பால்மர் தன் தேனிலவுப் பயணத்தில் பிரிட்டன் போனபோது வேல்ஸில் இருக்கும் ஃபெஸ்டினியோக் பாதையைப் பார்த்தார். இரண்டடிக்கும் குறைவான இடைவெளியில் மலையிலிருந்து ஸ்லேட் கல்லை இறக்கிக்கொண்டிருந்த பாதை அது. குறுகலாகப் போட்டால் வளைவுகளைச் சுருக்கலாம், மலையைக் குடைவது குறையும், செலவு குறையும் என்ற கணக்கு அவருக்குப் பிடித்துப்போனது.

அந்தக் கணக்கில்தான் ராக்கி மலைத்தொடருக்குள் பாதை நுழைந்தது. கொலராடோவின் அன்டொனீட்டோவிலிருந்து நியூ மெக்சிகோவின் சாமா வரைக்கும் உள்ள 64 மைல் பாதை 1880-இல் போடப்பட்டது. நடுவில் கம்ப்ரஸ் கணவாய், 10,015 அடி உயரம். சாமாவிலிருந்து கணவாய்க்கு ஏறும் சரிவு நூற்றுக்கு நாலு. ரயிலுக்கு அது சுவர் ஏறுவது மாதிரி. இலையுதிர் காலத்தில் மலை மேய்ச்சலிலிருந்து இறங்கும் ஆடுகளும் மாடுகளும் வேகன் வேகனாகப் போகும். ஆடுகளுக்கு இரண்டு அடுக்கு வைத்த வேகன்களே தனியாக இருந்தன. 1950-களில் ஃபார்மிங்டன் பக்கம் எண்ணெய் எரிவாயுக் கிணறுகள் பெருகியபோது நீள நீளமான இரும்புக் குழாய்களைச் சுமந்ததும் இதே பாதைதான். அதுவும் ஓய்ந்து 1968-இல் சரக்கு நின்றது. 1970-இல் கொலராடோ, நியூ மெக்சிகோ என்ற இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து இந்த 64 மைலை வாங்கின. இன்று அது கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் சுற்றுலா ரயில்.

வாங்கியாயிற்று. இஞ்சின்கள் உண்டு, வேகன்கள் ஏராளம். பயணிகளை எங்கே வைப்பது? 1971-இல் ஓட ஆரம்பித்தபோது கையில் இருந்த மூடிய மர வேகன்களின் பக்கவாட்டை வெட்டி, திறப்பு வைத்து, இருக்கை போட்டார்கள். அந்த வேகன்களின் கூட்டம் சாதாரணமானதல்ல. 3000 வரிசை என்று சொல்வார்கள். அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்டரி கம்பெனி 1903-04-இல் கட்டிக்கொடுத்த 750 வேகன்கள். ஒவ்வொன்றும் 50,000 பவுண்டு, அதாவது சுமார் 22.7 டன் தாங்கும். அறுபது எழுபது வருஷம் பனியிலும் வெயிலிலும் ஓடியவை.

வெட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. அன்று கையில் காசும் இல்லை, நேரமும் இல்லை. அந்த வேகன்கள் வெட்டப்படாமல் இருந்திருந்தால் அந்த வருஷம் ரயிலே ஓடியிருக்காது. ரயில் ஓடாமல் போயிருந்தால் பாதையே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கலாம். அவசரத்துக்குச் செய்தது அது. ஆனால் அவசரத்துக்குச் செய்ததைக் கொள்கையாக்கிக் கொண்டாடும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஜன்னல் வெட்டினால் என்ன போகிறது?

மர வேகன் என்றால் நாலு பலகையை ஆணி அடித்த பெட்டி என்று நினைப்போம். அப்படி இல்லை. அடியில் நீளவாக்கில் கனமான மர உத்தரங்கள் ஓடும். அவை நடுவில் தொய்யாமல் இருக்க, கீழே இரும்புக் கம்பிகள் வில்லின் நாண் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கும். நடுவில் முறுக்கி இறுக்க ஒரு திருகு. மரம் காய்ந்து வேகன் தொய்ந்தால் அந்தத் திருகை முறுக்கி நிமிர்த்துவார்கள். பக்கச் சுவரும் சும்மா இல்லை. பலகைக்கு உள்ளே நேர்க்கட்டை, சாய்கட்டை, மேலிருந்து கீழே ஓடும் இரும்புக் கம்பி என்று ஒரு பாலத்தின் எலும்புக்கூடே இருக்கும். சாய்கட்டை அழுத்தத்தைத் தாங்கும், கம்பி இழுவையைத் தாங்கும். கதவு இருக்கும் இடம் மட்டும்தான் ஓட்டை. அதற்கு ஈடுகட்டும் வேலையைத்தான் மற்றதெல்லாம் செய்கிறது.

இதில் வரிசையாக ஜன்னல் வைக்க வேண்டுமென்றால் சாய்கட்டைகளை அறுக்க வேண்டும். அறுத்த பிறகு மிஞ்சுவது வேகன் அல்ல, வேகனின் தோல். எந்தக் கட்டை எங்கே எதைத் தாங்கியது என்ற விவரம், தச்சன் போட்ட பொருத்து, எழுபது வருஷத்தில் யாரோ மாற்றிய போல்ட்டு எல்லாம் போயிற்று. "அசல் மரமாவது இருக்கே" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மரம் இருக்கிறது, அது சொல்லும் சாட்சி போய்விட்டது. நம்ம பாஷையில் சொன்னால், சோர்ஸ் கோடை அழித்துவிட்டு ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்துகிற வேலை.

நகல் கட்டும்போது நடப்பது இதற்கு நேரெதிர். புதிய வேகனைக் கட்ட வேண்டுமென்றால் பழைய வேகனைப் பிரித்துப் படிக்க வேண்டும். அளவு எடுக்க வேண்டும். எந்த மரம், எந்தப் பொருத்து, கம்பியை எவ்வளவு இறுக்குவது என்று கையால் கற்க வேண்டும். அசல் அப்படியே நிற்கிறது. கூடவே அதைக் கட்டத் தெரிந்த நாலு ஆட்களும் உருவாகிறார்கள். நாளைக்கு அசலின் உத்தரம் உளுத்துப்போனால் மாற்றப்போவது அவர்கள்தான். நகல் வேகனின் பெரிய லாபம் அதில் ஏறும் பயணி இல்லை, அதைக் கட்டிய கை.

ஆடு உட்காராது, ஆள் உட்காருவான்

ஆனால் நகல் ஆதரவாளர்களும் ஒன்றை மறைக்கிறார்கள். "அச்சு அசல் 1903 மாதிரியே" என்று சொல்லி டிக்கெட் விற்கிறார்களே, அது நடக்காது. கணக்கு போட்டுப் பாருங்கள்.

சரக்கு வேகனின் ஸ்பிரிங் 22.7 டன் சுமைக்காக வைத்தது. அதில் நாற்பது பேரை உட்கார வைத்தால், ஆளுக்கு 70 கிலோ வைத்து, 2.8 டன். தாங்கக்கூடிய சுமையில் எட்டில் ஒரு பங்கு. ஸ்பிரிங்குக்கு இது காலி வேகன் மாதிரிதான். அது அமுங்கவே அமுங்காது.

ஒரு ஸ்பிரிங் மேலிருக்கும் எடையால் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று தெரிந்தால், அது எந்த வேகத்தில் ஆடும் என்று பிளஸ் டூ இயற்பியலிலேயே கண்டுபிடிக்கலாம். புவியீர்ப்பு முடுக்கத்தை அந்த அமுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் வகுக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் அமுங்கும் மெத்தென்ற ஸ்பிரிங் விநாடிக்குச் சுமார் 1.6 தடவை ஆடும். நல்ல பயணிகள் பெட்டி அப்படித்தான் மெதுவாக ஊஞ்சலாடும். வெறும் 12 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கியிருக்கும் விறைப்பான ஸ்பிரிங் விநாடிக்குச் சுமார் 4.5 தடவை ஆடும். மேலும் கீழுமான அதிர்வில் மனித உடம்புக்கு மிகவும் ஆகாத வரம்பு விநாடிக்கு 4 முதல் 8 வரை. அதிர்வை அளக்கும் சர்வதேசத் தரநிலையும் இந்த வரம்புக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. காலி லாரியில் போனவர்களுக்குச் சூத்திரம் தேவையில்லை, இடுப்பே சொல்லும்.

சுற்றுலா ரயில் மெதுவாகப் போவதால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனாலும் மணிக்கணக்கில் மலைப் பாதையில் உட்கார வேண்டும். ஆக ஸ்பிரிங்கை மாற்றியே தீர வேண்டும். அதோடு நிற்காது. கதவு தானாகத் திறக்காதபடி பூட்டு வேண்டும், விழாதபடி கைப்பிடி வேண்டும், இஞ்சின் கக்கும் தீப்பொறி மரக்கூரையில் விழுந்தால் பற்றாதபடி பூச்சு வேண்டும். கூரைமேல் ஓடும் நடைபலகையும் உச்சியில் இருக்கும் பிரேக் சக்கரமும் அலங்காரமாகிவிடும். ஒரு காலத்தில் அந்தப் பலகைமேல்தான் பனிக்காலத்தில் பிரேக்காரர்கள் ஓடும் ரயிலில் வேகனுக்கு வேகன் நடந்தார்கள். சரிவில் இறங்கும்முன் ஒவ்வொரு வேகனிலும் காற்று பிரேக்கின் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வைத் திருப்பினார்கள். அதை எந்த நகலாலும் பயணிக்குக் காட்ட முடியாது. காட்டவும் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் சரக்கு வடிவமே பயணிக்குச் சாதகம். பயணிகள் பெட்டியின் வாசல் கோடியில், குறுகலாக, படியேறிப் போகிற மாதிரி இருக்கும். மூடிய வேகனின் கதவு நடுவில், அகலமாக, தள்ளித் திறக்கிற மாதிரி இருக்கும். மூட்டை ஏற்ற வைத்த கதவு சக்கர நாற்காலிக்கும் பொருத்தம். நடைமேடையிலிருந்து ஒரு சாய்தளம் போட்டால் நேராக உள்ளே. பழைய பயணிகள் பெட்டியில் இதற்கு வாசலையே இடித்துக் கட்ட வேண்டும். நகல் கட்டுபவர்கள் பெருமைப்பட வேண்டிய இடம் இது. ஆனால் விளம்பரங்களில் பழமைக்குத்தான் முதலிடம்.

வேகனே சொல்லிக்கொடுக்கும் நேர்மை

இவ்வளவும் மாற்றிய பிறகு அது நகலா, புதுப் பெட்டியா? மறுசீரமைப்பு உலகின் அடிப்படை ஆவணம் 1964-இன் வெனிஸ் சாசனம். கட்டடங்களுக்காக எழுதியதுதான். விட்டுப்போன பகுதியைப் புதிதாக வைத்தால் அது மொத்தத்தோடு இசைய வேண்டும், அதே சமயம் அசலிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. பாரம்பரிய ரயில்களுக்கென்றே ஐரோப்பாவில் 2005-இல் ரிகா சாசனம் வந்தது. ஓட்டிக்காட்டுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை அது ஏற்றுக்கொண்டது. கல்லுக்கும் சக்கரத்துக்கும் அதுதான் வித்தியாசம்.

"பிரித்தறியும்படி" என்றதும் நகல்காரர்கள் பதறுவார்கள். வேகனில் பெயின்டால் "இது போலி" என்று எழுதச் சொல்கிறானா என்று. இங்கேதான் சரக்கு வேகனின் சொந்த மரபே கைகொடுக்கிறது.

அமெரிக்கச் சரக்கு வேகனின் பக்கவாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஒரு நோட்டுப் புத்தகம். எவ்வளவு தாங்கும், காலி எடை எவ்வளவு, எந்த மாசம் எந்த ஊரில் எடை போட்டார்கள், எப்போது கட்டினார்கள், பிரேக்கைக் கடைசியாக எப்போது கழற்றித் துடைத்துச் சோதித்தார்கள், எந்தப் பட்டறையில், எல்லாம் அச்சு வெட்டிய தகட்டை வைத்துப் பெயின்டால் எழுதியிருப்பார்கள். ரிப்பேருக்கு ரிப்பேர் பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி போடுவார்கள். சரக்கு வேகன் ஒருநாளும் தன் வயதை மறைத்ததில்லை. எங்களுக்கு வெர்ஷன் கன்ட்ரோல் வருவதற்கு முன்னாடியே அதன் முதுகிலேயே பதிவேடு இருந்தது.

ஆக நகல் வேகனில் கட்டிய வருஷம் 2020 என்றால் 2020 என்று அதே இடத்தில், அதே எழுத்தில் போடுவது மரபை மீறுவதல்ல, கடைப்பிடிப்பது. தாங்கும் சுமை இருந்த இடத்தில் "நாற்பது பேர்" என்று எழுதலாம். ஸ்பிரிங் மாற்றிய தேதியை எழுதலாம். 1903 என்று எழுதினால்தான் அது போலி. இத்தனை தூரம் மெனக்கெட்டு மரமும் போல்ட்டும் தேடிக் கட்டிவிட்டு, கடைசியில் ஒரு தேதியில் பொய் சொல்லும் நகல், மொத்த உழைப்பின் நம்பகத்தையும் அங்கேயே தொலைத்துவிடுகிறது.

சுற்றுலாவும் வரலாறுதான்

இன்னொரு சிக்கல். வெட்டிய வேகன்களுக்கும் இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவற்றைத் திரும்ப மூடிய வேகனாக்குவதா, வெட்டியபடியே வைப்பதா?

இதற்கு நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. ரியோ கிராண்டே சதர்ன் என்ற இன்னொரு குறுகிய பாதை 1931 முதல் ஒரு விநோத வண்டியை ஓட்டியது. முன்னால் கார் உடம்பு, பின்னால் தபாலும் சரக்கும் போகும் பெட்டி, கீழே தண்டவாளச் சக்கரம். ஆடி ஆடி ஓடியதால் கேலப்பிங் கூஸ், அதாவது நாலுகால் பாய்ச்சலில் ஓடும் வாத்து என்று பெயர். ரயிலை ஓட்டினால் கட்டுப்படியாகாது என்றபோது ரிட்ஜ்வே பட்டறையில் ஒட்டுப்போட்டுக் கட்டியது. 1950-இல் தபால் ஒப்பந்தம் கைவிட்டுப் போனதும் சரக்கறையில் ஜன்னல் வெட்டி இருக்கை போட்டு சுற்றுலாவுக்கு விட்டுப் பார்த்தார்கள். அதுவும் காப்பாற்றவில்லை. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பாதையே போயிற்று.

டொலோரஸ் ஊரில் இருக்கும் 5-ஆம் எண் கூஸை 1998-இல் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சரக்கறை இருக்கைகளோடு இருக்கும் அந்தச் சுற்றுலா வடிவத்தில்தான் அது இன்றும் அவ்வப்போது ஓடுகிறது. எனக்கு இது சரியான முடிவு. அந்த ஜன்னல்கள் யாரோ பின்னால் வந்து செய்த சேதம் இல்லை. மூச்சுத்திணறும் ஒரு ரயில்வே உயிர்பிழைக்கச் செய்த கடைசி முயற்சி. அதை மூடிவிட்டால் 1950-இன் தவிப்பும் சேர்ந்து மூடப்படும். அதே சமயம், இன்று இல்லாமல் போய்விட்ட 1-ஆம் எண் கூஸுக்கு ரிட்ஜ்வே அருங்காட்சியகத்தில் 2000-இல் ஒரு நகல் கட்டினார்கள். அசலின் ஜன்னல் தழும்பை அப்படியே வைத்தது ஒன்று, அசல் இல்லாத இடத்தில் நகல் கட்டியது இன்னொன்று. இரண்டும் அதனதன் இடத்தில் நியாயம்.

வெட்டிய 1971 வேகன்களுக்கும் இதே நியாயம்தான். ஒன்றிரண்டை வெட்டியபடியே வையுங்கள், அவை அந்த முதல் வருஷத்தின் சாட்சி. ஆனால் இனி ஒன்றைக்கூட வெட்டாதீர்கள். இன்றைக்கு அந்த அவசரம் இல்லை.

பெட்டி எதைச் சுமந்தது?

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்துவது. டுராங்கோ–சில்வர்டன் ரயிலில் திறந்த சுற்றுலாப் பெட்டிகளுக்கு இன்றும் கோண்டோலா என்றுதான் பெயர். அது மேல்மூடி இல்லாத சரக்கு வேகனின் பெயர். ஏறுபவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வெனிஸ் படகு என்று நினைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்துவிட்டுப் போவார்கள். பெயர் மிஞ்சியது, பொருள் கழன்றுவிட்டது.

நகல் சரக்கு வேகனில் மெத்தை இருக்கை, குளிர்பானம், மலைக்காட்சி எல்லாம் இருக்கட்டும். ஆனால் இதே அளவு பெட்டியில் ஆடுகள் இரண்டு அடுக்காக நின்று போயின, கூரைமேல் பனியில் ஒருவன் நடந்தான் என்பதை அந்த வேகனே சொல்லவில்லையென்றால், அது வேகன் வடிவில் இருக்கும் உணவகம்தான். வேலை செய்தவர்களின் வரலாறு அழகாக அழிக்கப்படுகிறது. வேல்ஸில் மலையிறங்கும் ஸ்லேட் ரயிலில் குதிரைக்கென்று ஒரு வேகன் இருந்தது. காலி வண்டிகளை மேலே இழுத்துவந்த குதிரை, இறங்கும்போது சவாரி செய்யும். சரக்கு ரயிலில் நியாயமாக இடம்பிடித்த பயணி அதுதான், மேலே ஏற்றியதற்குக் கூலி. நாம் அப்படி எதையும் இழுக்கவில்லை. இழுத்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்வதாவது நாம் கொடுக்க வேண்டிய டிக்கெட் காசு.

ஆகவே ஒரு நகல் வேகனை எடைபோட என்னிடம் மூன்று கேள்விகள். இதற்காக எந்த அசலாவது அறுபட்டதா? தன் வயதை உள்ளபடி எழுதியிருக்கிறதா? எதைச் சுமந்த வேகன் என்பதை ஏறியவருக்குச் சொல்கிறதா? முதலாவதற்கு இல்லை, மற்ற இரண்டுக்கும் ஆம் என்றால், அது போலி இல்லை. 3000 வரிசையின் 751-ஆவது வேகன் அது, கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்காவது இப்படி ஒரு பெட்டியில் ஏறினால், உட்காரும் முன் இறங்கி நின்று பக்கவாட்டு எழுத்துகளை ஒருமுறை வாசியுங்கள். தேதி போட்டிருந்தால் நம்பி ஏறலாம்.